பெரியமேட்டுக்காரர் குதிரையும் என் டிக்கெட்டும்

அன்புள்ள நடேசா,

இங்கே எல்லோரும் சவுக்கியம் என்று எழுதித்தான் கடிதத்தைத் தொடங்க வேண்டும். உன் அம்மா சவுக்கியம். மாடு சவுக்கியம். நான் அவ்வளவு சவுக்கியமில்லை, அதற்கு உன் கடிதம்தான் காரணம். பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறாய். எல்லாப் பக்கத்திலும் உன் வருங்கால மாமனார் நடக்கிறார், சிரிக்கிறார், மோட்டார் ஓட்டுகிறார். ஆம்பூரில் இருக்கும் என்னைப் பற்றி, "நைனா உடம்பைப் பார்த்துக்கொள்ளவும்" என்று ஒரே ஒரு வரி. அதையும் ஓரத்தில் இடம் பார்த்துச் சொருகியிருக்கிறாய். கடைசியில் இரண்டு விஷயம் கேட்டிருக்கிறாய். தை மாதம் கல்யாணம் முடிந்ததும் பெரியமேட்டில் மாமனார் வீட்டு மாடியிலேயே நீயும் மரகதமும் குடியிருக்க நான் சம்மதிக்க வேண்டும் என்பது ஒன்று. கிண்டி ரேஸுக்குப் போய் வந்த அன்று நனைந்த என் கோட்டை நீ காயப்போட்டபோது பையில் ஒரு டிக்கெட் இருந்தது, அது மாமாவின் குதிரைக்குக் கட்டியது, உன்னிடம் வேறு குதிரையைச் சொல்லிவிட்டு நான் ஏன் அதில் கட்டினேன் என்பது இன்னொன்று. இரண்டாவதற்குப் பதில் சொன்னால்தான் முதலாவதற்குப் பதில் சொல்ல முடியும். அதனால் பின்னாலிருந்து வருகிறேன். பொறுமையாகப் படி. மாமாவுக்குப் படித்துக் காட்டாதே.

முதலில் ஒன்றை நேராகவே எழுதிவிடுகிறேன். எனக்கு உன் மாமனார்மேல் பொறாமை. பெரியமேட்டில் அவருக்குத் தோல் மண்டி இருக்கிறதே என்று இல்லை. நான் டேனரியில் பதனிட்ட தோலைத் தரம் பிரித்துச் சம்பளம் வாங்குகிறவன், அவர் அந்தத் தோலை வாங்கி விற்கிறவர், அதில் எனக்கு ஒரு குறையும் கிடையாது. மோட்டாருக்காகவும் இல்லை. அது பாதி நாள் ஆள் வைத்துத் தள்ளினால்தான் கிளம்புகிறது என்று நீயே சொல்லியிருக்கிறாய். ஆனால் நீ அவர் மண்டியில் கணக்கெழுதப் போன நாளிலிருந்து, ஊருக்கு வரும்போதெல்லாம் "மாமா சொன்னாரு" என்றே வாயைத் திறக்கிறாய். கல்யாணப் பேச்சு எடுப்பதற்கு முன்பே அவர் உனக்கு மாமா ஆகிவிட்டார். காபியில் சர்க்கரை கம்மியாகப் போட வேண்டும், மாமா சொன்னாரு. வகிடு ஓரமாக எடுக்க வேண்டும், மாமா சொன்னாரு. போன பொங்கலுக்கு வந்தபோது எதற்கோ தலையைப் பின்னால் சாய்த்துச் சிரித்தாய். நம் குடும்பத்தில் யாரும் அப்படிச் சிரித்தது கிடையாது. நாமெல்லாம் குனிந்து சிரிக்கிறவர்கள். அது யாருடைய சிரிப்பு என்று பெண் பார்க்கப் போன அன்று அவர் வாசலில் நின்று அதே மாதிரி சிரித்து வரவேற்றபோதுதான் எனக்குத் தெரிந்தது. அன்று அங்கே தந்த பலகாரத்தை அப்படியே தட்டில் வைத்துவிட்டு எழுந்தேன்.

உன் அம்மாவிடம் இதை மறைக்க முடியுமா. திரும்பி வரும்போது ரயிலிலேயே பிடித்துக்கொண்டாள். "இன்னா மனுஷன்யா நீ? பொண்ணு குடுக்குற ஆளு மேல போய் இவ்ளோ பேஜார் படுவாங்களா? எல்லார் வூட்லயும் மாமியாக்காரிதான் மருமவளப் பாத்து வயிறு எரிவா. நம்ம வூட்ல நீ சம்பந்தியப் பாத்து எரியற" என்றாள். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். அவள் விடவில்லை. "எம் மருமவளோட நான் சமாதானமா இருந்துக்குவேன். உன்னய யாரு சமாதானம் பண்றது?" என்றாள்.

குதிரைப் பித்தும் உனக்குப் பெரியமேட்டில் பிடித்தது என்று எழுதியிருக்கிறாய். அது பொய். நீ சிறு பையனாக இருந்தபோது ஸ்டேஷன் வாசலில் நிற்கும் காதர் பாயின் ஜட்கா குதிரையைப் பார்க்காமல் சாப்பிட மாட்டாய். நான் டேனரியிலிருந்து வரும் வழியில் கொள்ளு வாங்கி மடியில் கட்டிக்கொண்டு வருவேன், நீ அதைக் கைநிறைய அள்ளி நீட்டுவாய். ஒரு நாள் அது கொள்ளோடு சேர்த்து உன் சட்டையையும் கடித்து இழுத்துவிட்டது. பாய் சாட்டையை எடுத்தார். நீ சட்டைக்காக அழவில்லை, குதிரையை அடிக்காதே என்று அழுதாய். பாய் சாட்டையைக் கீழே போட்டுவிட்டு, "பேட்டா, இது உன் தோஸ்த்தா?" என்று கேட்டுச் சிரித்தார். நான்தான் உன்னைத் தூக்கி அந்தக் குதிரையின் முதுகில் உட்கார வைத்தேன். ஆகவே உன்னை முதன்முதலில் குதிரைமேல் ஏற்றியவன் யார் என்று அந்த வீட்டில் யாராவது கேட்டால் சரியாகச் சொல்லிவை.

இனி ரேஸுக்கு வருகிறேன். கார்த்திகையில் நீ வந்து என்னை அழைத்தாய். மாமாவுக்கு ஒரு குதிரையில் பாதிப் பங்கு இருக்கிறது, பெயர் மார்னிங் பெல், அது ஓடப்போகிறது, சம்பந்தி அவசியம் வந்து பார்க்க வேண்டும் என்று அவர் சொல்லி அனுப்பியிருந்தார். நான் வேறொரு காரணத்துக்காகத்தான் கிளம்பினேன். உனக்குக் கல்யாணக் கோட்டு மவுண்ட் ரோட்டில் தைக்கக் கொடுத்தாகிவிட்டது என்று அதற்கு முந்தின வாரம்தான் எழுதியிருந்தாய். கோட்டு நான் வாங்கித் தர வேண்டியது. அவர் முந்திக்கொண்டார். சரி, அவர் கோட்டு போட்டால் நான் அந்தக் கோட்டுக் கைக்கு வெளியே தெரிகிற மாதிரி ஒரு கைக்கடிகாரம் கட்டுகிறேன் என்று, சேர்த்து வைத்திருந்ததை மடியில் முடிந்துகொண்டு வந்தேன். ரேஸ் முடிந்ததும் கடைக்குப் போவதாக ஏற்பாடு. இது உனக்குத் தெரியாது, உன் அம்மாவுக்குத் தெரியும்.

ரயிலில் காட்பாடிவரை நான் தூங்குவதுபோல் இருந்தேன். நீ ரேஸ் புத்தகத்தை எடுத்து விரித்தாய். அப்புறம் எப்படித் தூங்குவது. "நைனா, எந்தக் குதிர மேல ஜனங்க ஜாஸ்தி பணம் கட்றாங்களோ அதுக்குப் பேரு ஃபேவரைட்" என்றாய். அதுதான் ஜெயிக்குமா என்று கேட்டேன். "ஜெயிக்கணும்னு இல்ல. ஜெயிச்சாலும் கம்மியாத்தான் கெடைக்கும், பங்கு போட ஆளு ஜாஸ்தி. யாரும் நம்பாத குதிர ஜெயிச்சா கட்னவனுக்கு மூட்டதான்" என்றாய். "அப்போ உங்க மாமா குதிரய யாரும் நம்பலன்னா அவருக்குத்தான் லாபம், இல்ல?" என்றேன். "கரெக்ட் நைனா" என்று என் தொடையில் தட்டினாய். அந்தப் பேச்சை நான் மனசில் எங்கே வைத்தேன் என்று உனக்குத் தெரியாது. பிறகு 'வின்' டிக்கெட் என்றால் குதிரை முதலாவதாக வந்தால்தான் பணம், 'ப்ளேஸ்' என்றால் இரண்டாவது மூன்றாவது வந்தாலும் கொஞ்சம் கிடைக்கும் என்று சொன்னாய். நன்றாக ஓடுகிற குதிரையின் சேணத்தில் ஈயம் வைத்துப் பாரத்தை ஏற்றுவார்கள், சுமாரான குதிரைக்குப் பாரத்தைக் குறைப்பார்கள், எல்லாம் ஏறக்குறைய ஒன்றாக வந்து சேரட்டும் என்று, அதற்கு ஹாண்டிகாப் என்று பெயர் என்றாய். நல்ல ஏற்பாடு என்று எனக்குப் பட்டது. பெரியமேட்டுக்காரர்மேல் கொஞ்சம் ஈயத்தை ஏற்றிவிட்டு அப்புறம் என்னை அவரோடு ஓடச் சொல் என்று கேட்க வாய் வந்தது, அடக்கிக்கொண்டேன்.

அரக்கோணம் தாண்டும்போது மழை பிடித்தது. நீ ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டிப் பார்த்துவிட்டு முகத்தைச் சுளித்தாய். "கிண்டில ஓடுறது புல்லுத் தரைல. தரை காஞ்சிருந்தா ஒரு ஓட்டம், ஊறிப்போனா வேற ஓட்டம். ரொம்ப ஊறிட்டா ஹெவின்னு போர்டுல எழுதிப் போட்ருவாங்க. தரை மாறினா அதே குதிர வேற குதிரையாயிடும்னு மாமா சொன்னாரு" என்றாய். நீ சொன்னது எவ்வளவு தெளிவாக இருந்தது தெரியுமா. எனக்குப் பெருமையாகவும் இருந்தது, எரிச்சலாகவும் இருந்தது. சின்ன வயசில் கழுதை, கம்பம், காக்காய் எதைப் பார்த்தாலும் "நைனா, இது இன்னா?" என்று என்னைத்தான் கேட்பாய். முதல் தடவையாக நீ சொல்லி நான் கேட்டுக்கொண்டு வந்தேன். அதுவும் நீ சொல்வது எல்லாம் அவர் சொன்னது. என் பிள்ளையின் வாய் வழியாக அவர் எனக்குப் பாடம் நடத்திக்கொண்டு வருகிறார் என்று நினைத்தேன்.

கிண்டியில் அவர் குடையோடு காத்திருந்தார். பெரிய குடைதான், ஆனால் மூன்று பேருக்குக் காணாது. "வாங்க சம்பந்தி, உள்ள வாங்க" என்று என் பக்கம் சாய்த்தார். எனக்கு மழை பழக்கம் என்று சொல்லி விலகி நடந்தேன். அப்புறம் அந்தக் குடைக்குக் கீழே நீயும் அவரும் நடந்தீர்கள், நான் நனைந்துகொண்டே பின்னால் வந்தேன். என் கோட்டு நனைந்தது இப்படித்தான். வானத்தைக் குறை சொல்லிப் பிரயோசனமில்லை. போர்டில் ஹெவி என்று எழுதியிருந்ததைப் படித்துக் காட்டினாய். அவர் திரும்பி என்னிடம், "சம்பந்தி, நம்ம குதிரைக்கு சேறு ஆவாது. காஞ்ச தரைலதான் அது ஓடும். இன்னிக்குத் தயவுபண்ணி அதுமேல ஒண்ணும் கட்டிடாதீங்க" என்றார். நல்ல மனுஷன் சொல்கிற மாதிரியேதான் சொன்னார்.

ஓடப்போகிற குதிரைகளை ஒரு வளையத்தில் சுற்றி நடத்திக் காட்டினார்கள். நீங்கள் இருவரும் கால்களைப் பார்த்தீர்கள், புத்தகத்தைப் பார்த்தீர்கள், மறுபடி கால்களைப் பார்த்தீர்கள். நான் எதைப் பார்ப்பேன். எத்தனையோ வருஷமாக லண்டனுக்கு அனுப்புகிற தோலைப் பார்த்துப் பார்த்து வேறெதையும் பார்க்கத் தெரியாத கண் இது. தெருவில் ஆடு போனால்கூட அதன் முதுகில் உண்ணி கடித்த தடம் இருக்கிறதா, முள் கிழித்த கோடு இருக்கிறதா என்றுதான் பார்ப்பேன். அங்கே ஒரு செவலை வந்தது. மழையில் நனைந்து மினுமினுத்தது, கழுத்திலிருந்து தொடைவரை ஒரு கீறல் கிடையாது. நீ பக்கத்தில் வந்து, "நைனா, உங்களுக்கு எது புடிச்சிருக்குது?" என்று கேட்டாய். "அந்தச் செவலை. முதல் தரம், கண்ண மூடிட்டு எடுத்து வைக்கலாம்" என்றேன். உன் மாமனார் தலையைப் பின்னால் சாய்த்துச் சிரித்தார். "சம்பந்தி தோலப் பாக்குறாரு. ஓடுறது காலு, சம்பந்தி" என்றார். நீயும் சிரித்தாய். இரண்டு தலையும் ஒரே சமயத்தில் பின்னால் போயின. நடேசா, எனக்கு எரிந்த எரிச்சலில் மேலே பெய்கிற மழைகூடத் தெரியவில்லை.

அந்த எரிச்சலில்தான் யோசிக்க ஆரம்பித்தேன். நான் யோசித்ததைக் கேட்டால் நீ சிரிப்பாய், இந்தத் தடவை சிரித்துக்கொள். உனக்கு ஞாபகம் இருக்குமோ என்னவோ, நீ என் தோள்மேல் உட்கார்ந்து வரும் வயசில் ஒரு கோடையில் பாலாற்றைக் கடந்து, தோல் பதனிட ஆவாரம்பட்டை ஏற்றி வந்தோம். நடு ஆற்றில் வண்டிச் சக்கரம் மணலில் பாதிக்குமேல் புதைந்துவிட்டது. மாடு முட்டி போட்டது, வண்டிக்காரர் எல்லாக் கடவுளையும் வைதார், ஒன்றும் நகரவில்லை. அப்போது திடீரென்று ஒரு மழை அடித்து ஓய்ந்தது. மணல் இறுகி இட்டலித் தட்டுபோல் ஆனது, வண்டி தானாக உருண்டு கரை ஏறியது. "நைனா, மழ பெஞ்சா மண்ணு கெட்டியாயிடுதா?" என்று கேட்டாய். ஆமாம் என்றேன். பாலாற்றங்கரையில் பிறந்தவன் எவனைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வான். காய்ந்த மணல் காலை இழுக்கும், நனைந்த மணல் காலைத் தாங்கும். கிண்டியில் நான் அதை வைத்துக் கணக்குப் போட்டேன். மழை பெய்திருக்கிறது, ஆகவே தரை கெட்டி. தரை கெட்டியென்றால் காய்ந்த தரையில் ஓடுகிற மார்னிங் பெல் இன்று நன்றாக ஓடும். இது தெரிந்தும் இவர் ஏன் கட்டாதே என்கிறார். யாரும் கட்டாவிட்டால் அவருக்கு மூட்டையாகக் கிடைக்கும் என்று நீயே ரயிலில் சொல்லியிருந்தாய். தோலைப் பார்க்கிற பட்டிக்காட்டான், சொன்னால் நம்பிவிடுவான் என்று நினைத்துவிட்டார் என்று எனக்குள் உறுதி ஆகிவிட்டது.

ஒரு நிமிஷம் வர்றேன் என்று உன்னிடம் சொல்லிவிட்டுப் போனேன் அல்லவா, நீகூட இடம் தெரியுமா நைனா என்று கேட்டாய். நான் போனது டிக்கெட் கொடுக்கிற ஜன்னலுக்கு. மடியில் முடிந்திருந்த கடிகாரப் பணம் அத்தனையையும் மார்னிங் பெல்மேல் வைத்தேன். உள்ளே இருந்தவர் "வின்னா, ப்ளேஸா?" என்று கேட்டார். வின் என்றேன். ப்ளேஸ் என்று சொல்ல எனக்கு நாக்கு வரவில்லை. உன்னிடத்தில் எனக்கு இரண்டாவது இடம் வந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டிருந்தவன், காசு கொடுத்து அதை வாங்குவேனா. ஜெயித்த பணத்தில் அந்த மவுண்ட் ரோட்டிலேயே இருக்கிற பெரிய கடிகாரமாகப் பார்த்து, அவர் கண்ணெதிரே உன் கையில் கட்ட வேண்டும். அவர் குதிரை, அவர் மறைத்த பணம், என் கடிகாரம். இதுதான் என் மனசில் இருந்தது, ஒன்றையும் மிச்சம் வைக்காமல் எழுதுகிறேன்.

அப்புறம் நடந்தது உனக்கே தெரியும். வளைவு திரும்பி வரும்போது குதிரைகளும் ஜாக்கிகளும் ஒரே சேறு, சட்டை நிறம்கூடத் தெரியவில்லை. நம் மார்னிங் பெல் எல்லாவற்றுக்கும் பின்னால், ஒவ்வொரு காலையும் பிடுங்கிப் பிடுங்கி வைத்து வந்தது. அந்தப் புல்லுக்குக் கீழே இருந்தது மணல் இல்லை, மண். பாலாறு அங்கே ஓடவில்லை என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. நீ குதித்துக் கத்திக்கொண்டிருந்தாய், மாமாவின் குதிரைக்குத்தான் கத்துகிறாய் என்று நினைத்தேன். முடிந்ததும் ஜனங்கள் டிக்கெட்டைக் கிழித்துக் கீழே போட்டார்கள். என்னால் கிழிக்க முடியவில்லை, அவர் பக்கத்தில் நின்றார். அவர் கையைப் பார்த்தேன். கிழிப்பதற்கு அவரிடம் ஒரு டிக்கெட்டும் இல்லை. குதிரை நொண்டாமல் நடக்கிறதா என்று எட்டிப் பார்த்துவிட்டு, "காலு நல்லா இருக்குது. அது போதும்" என்றார். அவர் சொன்ன ஒவ்வொரு வார்த்தையும் உண்மை. கட்டாதே என்றார், தானும் கட்டவில்லை. அவர் என்னை ஏமாற்றியிருந்தால்கூட எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

அப்போதுதான் நீ எங்கிருந்தோ ஓடி வந்து என் உள்ளங்கையில் பணத்தை வைத்தாய். "நைனா, நீங்க சொன்ன செவல. மூணாவதா வந்துச்சு. ப்ளேஸ் கட்னேன்" என்றாய். மூச்சு வாங்கியது உனக்கு. "மாமா வேணாம்னுதான் சொன்னாரு. எங்க நைனா ஒரு தோலப் பாத்து முதல் தரம்னு சொன்னா லண்டன்லகூட மாத்த மாட்டாங்கன்னு சொல்லிட்டேன்" என்றாய். உன் மாமனார் உடனே, "செவலைக்கு இன்னிக்குப் பாரம் கம்மி, சம்பந்தி. சேத்துல பாரம் கம்மியா இருந்தா ஓடிப் பொழச்சுக்கும். தோலுக்காக வரல" என்றார். அவர் சொன்னது சரியாகத்தான் இருக்கும். கிடைத்த ஒரு குதிரையையும் என் கையிலிருந்து பிடுங்கிவிட்டாரே என்று இருந்தது. ஆனால் அன்று சாப்பாட்டின்போது மரகதத்தின் அம்மா, தம்பி ஜெயிச்சுதாமே, எப்படி என்று கேட்டார்கள். நீ "நைனா சொன்னாரு" என்றாய். பெரியமேட்டு வீட்டில், அவர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, அவர் வீட்டுச் சோற்றைச் சாப்பிட்டுக்கொண்டு சொன்னாய். நான் தலையைக் குனிந்துகொண்டேன். உள்ளே என் கோட்டுப் பையில் வேறொரு டிக்கெட் ஊறிக்கொண்டிருந்தது.

ஆகவே நீ கேட்ட கேள்விக்குப் பதில் இதுதான். நான் சொன்னதை நானே நம்பவில்லை. உன் மாமனார் சொன்னதைத் திருப்பிப் போட்டு நம்பினேன். அங்கே இருந்த ஜனங்களில் என்னை நம்பிக் காசு வைத்தவன் நீ ஒருத்தன்தான். கடிகாரம் வாங்கவில்லை, கடை மூடியிருந்தது என்று உன் அம்மாவிடம் சொன்னேன். "கட மூடியிருந்துச்சா, குதிர முழுங்கிச்சா?" என்றாள். கேட்டுவிட்டு மோர் கொண்டு வந்து கொடுத்தாள்.

ஒரே ஒரு ரேஸ் பார்த்தவன் உனக்குப் புத்தி சொல்வதா என்று கேட்காதே, நான் தோற்ற அளவுக்கு நீ தோற்றதில்லை. ரேஸுக்குப் போகாதே என்று எழுதினால் நீ கேட்கப்போவதில்லை. போனால், போர்டில் எழுதியிருப்பதோடு விடாமல், முடிந்தால் வேலி ஓரம் போய்க் குதிகாலை ஊன்றிப் பார், எவ்வளவு இறங்குகிறது என்று. நம் ஊர் மண்ணை மனசில் வைத்துக்கொண்டு அந்த மண்ணுக்குக் கணக்குப் போடாதே. எந்தக் குதிரைமேல் எவ்வளவு பாரம் என்று கேட்டுக்கொள். வாடகைக்கும் அரிசிக்கும் எடுத்து வைத்ததை மடியில் கட்டிக்கொண்டு போகாதே. எல்லாவற்றையும்விட, ஒரு மனுஷனை ஜெயிக்க வேண்டும் என்று குதிரைமேல் கட்டாதே. குதிரைக்கு அது தெரியாது. இன்னொன்று, இது ரேஸைப் பற்றியது இல்லை. கல்யாணம் ஆனதும் மரகதம் எடுத்ததற்கெல்லாம் "எங்கப்பா சொன்னாரு" என்பாள். அவள் அப்பா அவர், சொல்லத்தான் செய்வாள். முதலில் உனக்கும் இனிக்கும், கொஞ்ச நாள் போனால் காதில் விழும்போதே சுருக்கென்று இருக்கும். அப்போது முகத்தைத் திருப்பிக்கொள்ளாதே. சொல்லட்டும் என்று கேட்டுக்கொள். அந்த வார்த்தை எங்கே போய்ச் சுடும் என்று உன் அப்பனுக்கு நன்றாகத் தெரியும், அதனால் எழுதுகிறேன்.

இனி மாடி விஷயம். நீ மாமனார் வீட்டோடு போய்விட்டாய் என்று ஆம்பூரில் நாலு பேர் பேசுவார்கள். டேனரியில் என் எதிரே பேசாமல் நான் போன பிறகு பேசுவார்கள், அது அதைவிட மோசம். நீ காலையில் அவரோடு காபி குடிப்பாய், அவரோடு மண்டிக்குப் போவாய், ஞாயிற்றுக்கிழமை அவர் மோட்டாரைத் தள்ளுவாய். உனக்குப் பிறக்கிற பிள்ளை முதலில் அவர் மடியில்தான் தவழும், அவரைப் பார்த்துத் தலையைப் பின்னால் சாய்க்கக் கற்றுக்கொள்ளும். இதையெல்லாம் நினைத்து நினைத்துக் கூடாது என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். ஆனால் அவருடைய குடைக்குக் கீழே நின்றுகொண்டே என் பேச்சுக்குக் கட்டினவன் நீ. அவர் மாடியில் படுத்து எழுந்தால் மட்டும் நீ அவர் பிள்ளையாகிவிடுவாயா என்று என்னையே கேட்டுக்கொண்டேன். போய் இரு. சம்மதம். முழு மனசோடு என்று எழுத மாட்டேன், அது பொய்யாகிவிடும். பொறாமை அப்படியேதான் இருக்கிறது, அதை வைத்துக்கொண்டே சம்மதிக்கிறேன்.

நீ கொடுத்த ப்ளேஸ் பணத்துக்குக் கடிகாரம் வராது. அதனால் வேறொன்று செய்தேன். எங்கள் முதலாளி சாயபுவிடம் கேட்டு, லண்டனுக்குப் போகிற தோல்கட்டு ஒன்றிலிருந்து ஒரு வெள்ளாட்டுத் தோலை விலைக்கு வாங்கினேன். அதைத் தேர்ந்தெடுக்க ஒரு பகல் முழுக்கப் போயிற்று. கீறல் இல்லை, கத்தி பட்ட தடம் இல்லை, செவலை நிறத்தில் வந்திருக்கிறது. நீ இங்கே விட்டுப்போன பழைய செருப்பை அளவுக்குக் கொடுத்து, கடைத்தெருவில் ஒரு ஜோடி ஷூ தைக்கச் சொல்லியிருக்கிறேன். கோட்டு அவர் போடட்டும். நீ மணவறையிலிருந்து இறங்கினதும் இதைக் காலில் போட்டுக்கொள்.

பெரியமேட்டு வீட்டில் செருப்பை வாசற்படிக்கு வெளியே விடுவது வழக்கம், பார்த்திருக்கிறேன். நீயும் இதை அங்கேயே விடு, பத்திரம் என்று மாடிக்கு எடுத்துப் போகாதே. உன் மாமனார் காலையில் போகும்போதும் திரும்பி வரும்போதும் இதைத் தாண்டித்தான் உள்ளே போக வேண்டும். தோல் வியாபாரி, ஒரு நாளாவது குனிந்து கையில் எடுத்துப் பார்க்காமல் இருக்க மாட்டார். பார்த்துவிட்டு, யார் தேர்ந்தெடுத்த தோல் இது என்று உன்னைக் கேட்பார். எங்க நைனா என்று சொல். தலையைப் பின்னால் சாய்க்காமல் சொல்.

உன் நைனா